ஒன்றுக்கு நாற்பது: பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு மலைப்பாதை

செங்கோட்டை, தென்காசி, புனலூர்ப் பக்கம், வீட்டுக்குள் ஓடும் மாதிரி ரயில் (அசலின் குட்டி வடிவம்) கட்ட ஆசைப்படுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது ஒரே தடத்தில்தான். 1904-ல் மீட்டர் கேஜாகத் திறந்து, 2010-ல் மூடப்பட்டு, 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்த புனலூர் - செங்கோட்டை மலைப்பாதை. கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலம், எல்லைக் குகை, ரயிலுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளும் பேங்கர் என்ஜின் என்று ஆசை காட்ட எல்லாமே இருக்கிறது.

பலரும் பாலத்திலிருந்து தொடங்குகிறார்கள். அட்டை வெட்டி, கல் வரி கீறி, வர்ணம் பூசி, அழகாகப் பாலத்தை முடித்த பிறகுதான் ரயில் ஏறவில்லை என்பது தெரிகிறது. மலைப்பாதையில் முதலில் முடிவாக வேண்டியது ஏற்றம். அதைக் கடையில் கேட்டோ படத்தைப் பார்த்தோ முடிவு செய்ய முடியாது. உங்கள் என்ஜினை ஒரு பலகையில் ஏற்றிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அடுத்தது ஈரம். இந்த ஊர்ச் சாரலுக்குத் தாங்காத மரமும் தண்டவாளமும் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடாது.

அளவை முதலில் முடித்துவிடலாம். எச்ஓ என்ற மாதிரி ரயில் அளவு 1:87, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மிமீ. நம் அகலப்பாதை 1676 மிமீ. 87-ஆல் வகுத்தால் 19.3 வரும். ஆக 16.5 மிமீ தடத்தில் நம்மூர்ப் பெட்டியை நிறுத்தினால் முகப்பிலிருந்து பார்க்கும்போது கொஞ்சம் ஒடுக்கமாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் தெரியாது. பெக்கோ போன்ற கம்பெனிகளின் ஆயத்தத் தண்டவாளமும் பாயிண்டும் (தடம் பிரியும் இடத்துத் துண்டு) கிடைக்கிற வசதிக்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய மீட்டர் கேஜ்தான் வேண்டும் என்றால் 12 மிமீ எச்ஓஎம் தடம் கணக்குக்குச் சரியாக வரும். ஆனால் அந்த அளவில் கிடைப்பவை பெரும்பாலும் சுவிஸ் மலை ரயில்கள். அவற்றின் அடிச்சட்டத்தில் நம் மீட்டர் கேஜ் டீசல் என்ஜினான ஒய்டிஎம்-4 உடலை 3டி பிரிண்ட் எடுத்து ஏற்ற வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கான வேலை அது. இங்கே பேசுவது அகலப்பாதையை.

நம் அகலப்பாதை டீசல் என்ஜினான டபிள்யூடிஎம்-2 வேண்டுவோருக்கு ஒரு வழி உண்டு. அது அமெரிக்க என்ஜின் கம்பெனியான ஆல்கோவின் டிஎல்560சி என்பதால், டிரைமவுண்ட் என்ற மூன்று அச்சுப் போகி (சக்கரச் சட்டம்) உள்ள ஆல்கோ மாடலின் அடிச்சட்டம் கிட்டத்தட்டப் பொருந்தும். உடலை மட்டும் செய்துகொண்டால் போதும். அசல் நீளம் 17.12 மீட்டர், 1:87-ல் 197 மிமீ. அதற்கு ஒத்துவரும் அடிச்சட்டமாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏற்றக் கணக்கு

இந்த மலைப்பாதையின் ஏற்றம் 1-க்கு 40. அதாவது 40 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும், சதவீதத்தில் 2.5. எண் சின்னதாகத்தான் தெரியும். மாதிரி ரயிலுக்கு அது எவ்வளவு பெரிய சுமை என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும்.

ஆறு அச்சும் ஓடும் ஒரு எச்ஓ என்ஜின் 400 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் வளையம் இல்லாத உலோகச் சக்கரம் தன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழுக்கும். ஆக 80 கிராம் இழுவை. பழைய வகைப் பயணிப் பெட்டியான ஐசிஎஃப் பெட்டி 21.3 மீட்டர், மாதிரியில் 245 மிமீ. அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் எடைப் பரிந்துரைப்படி இந்த நீளத்துக்கு 165 கிராம் வரும். நல்ல சக்கரம் போட்ட பெட்டி சமதளத்தில் தன் எடையில் 2 முதல் 3 சதவீதம் இழுவை கேட்கும். பெட்டிக்கு 4.1 கிராம் என்று வைத்தால் 80 கிராமுக்குப் பத்தொன்பது பெட்டி. சமதளத்தில் கவலையே இல்லை.

இப்போது அதே ரயிலை 2.5 சதவீத ஏற்றத்தில் விடுங்கள். உருளும் தடை 2.5, ஏற்றம் 2.5. போதாக்குறைக்கு வளைவு. வளைவு கேட்கும் கூடுதல் இழுவைக்கு மாதிரி ரயில்காரர்கள் நெடுநாளாக வைத்திருக்கும் ஒரு கைக்கணக்கு உண்டு: 32-ஐ வளைவின் ஆரத்தால் வகுக்க வேண்டும், ஆரம் அங்குலத்தில். 24 அங்குல ஆரம் என்றால் 1.3 சதவீதம், 18 அங்குலம் என்றால் 1.8. ஆக 24 அங்குல வளைவோடு சேர்ந்த ஏற்றத்தில் ஒரு பெட்டி 6.3 சதவீதம், அதாவது 10 கிராமுக்குக் கொஞ்சம் மேல் கேட்கிறது. என்ஜின் தன்னையே ஏற்றிக்கொள்ள 15 கிராம் போய்விடும். மிச்சம் 65. வகுத்தால் ஆறு பெட்டி.

பத்தொன்பது ஆறாகிவிட்டது. ரயில் முழுவதும் ஒரே நேரத்தில் வளைவில் இருக்காது என்பதால் நிஜத்தில் ஒன்று கூடலாம். தண்டவாளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இரண்டு குறையும்.

கணக்கை நம்பி மரம் வாங்க வேண்டாம். எட்டடி பிளைவுட் பட்டை ஒன்றில் இரண்டு நீள நெகிழ் தண்டவாளம் (கையால் வளைக்கக்கூடியது) பதித்து, இரு முனைக்கும் 2.4 மீட்டர் இடைவெளி வைத்து ஒரு முனையை 60 மிமீ உயர்த்துங்கள். 1-க்கு 40 வந்துவிடும். என்ஜினின் இழுவையை அளக்கச் சமையலறைத் தராசே போதும். தராசில் 200 கிராம் எடையை வைத்து, அதில் நூல் கட்டி, சின்ன உருளை மேல் திருப்பி, என்ஜினின் கொக்கியில் மாட்டுங்கள். சக்கரம் வழுக்கும்வரை கரண்ட் கொடுத்தால் தராசின் எண் எவ்வளவு குறைகிறதோ அதுதான் இழுவை. இதைச் சமதளத்தில் செய்ய வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வழுக்க விடாதீர்கள். தண்டவாளத்தில் பள்ளம் விழும்.

இழுவை போதவில்லை என்றால் என்ஜினுக்குள் எடை சேர்க்கலாம். தூண்டில் கடை ஈயக் குண்டு, டயர் கடையில் சக்கரச் சமன் பார்க்க ஒட்டும் எடைப் பட்டை, இரண்டும் நன்றாகப் பயன்படும். ஈயத்தைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் மற்ற வேலை. எடை இரு போகிக்கும் சமமாக விழ வேண்டும். முன்பக்கம் மட்டும் கனத்தால் பின்போகி வழுக்கும். மோட்டார் சூடாவதுதான் மிச்சம்.

அறையும் தடமும்

பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கதவுச் சுவரை விட்டுவிட்டு மற்ற மூன்று சுவரிலும் ஒன்றரை அடி அகலத்தில் தட்டு அடித்தால், மூலைகளுக்கு 24 அங்குல (610 மிமீ) வளைவு போட்டு, கிடைக்கும் தடம் சுமார் 9 மீட்டர். நடு அறையில் மேசை போட்டு வட்டம் சுற்றுவதைவிட இது எவ்வளவோ மேல். ரயில் ஓர் இடத்திலிருந்து கிளம்பி வேறோர் இடத்துக்குப் போகும். மலைப்பாதைக்கு அதுதானே உயிர்.

நிலையத்துக்கு எவ்வளவு வேண்டும்? ஐந்து பெட்டி, கொக்கியோடு பெட்டிக்கு 256 மிமீ, முன்னும் பின்னும் ஓர் என்ஜின்: 1.68 மீட்டர். இரு முனையிலும் பாயிண்டும் பிரியும் வளைவும் சேர்த்தால் லூப்புக்கு (ரயில் விலகி நிற்கும் பக்கத் தடம்) 2.6 மீட்டர். இது மலையடி நிலையமான தென்மலை. தடத்தின் மறுமுனையில் குகை. குகைக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் பகவதிபுரம், தமிழ்நாடு. மாதிரிக்கு இந்த அமைப்பு பெரிய வரம். குகைக்குள் போன ரயிலை மலைக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் தடங்களில் நிறுத்திவிடலாம். செங்கோட்டையை முழுவதும் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

நடுவில் ஏற்றம். சமதளத்திலிருந்து ஒரேயடியாக 1-க்கு 40-க்குத் திரும்பக் கூடாது. திரும்பும் இடத்தில் என்ஜினின் மூக்கு தடத்தில் உரசும், கொக்கி மேலேறிக் கழன்றுவிடும். 30 செமீ நீளத்துக்கு 1-க்கு 160, அடுத்த 30 செமீக்கு 1-க்கு 80, பிறகுதான் முழு ஏற்றம். மேல் முனையிலும் அதே. இந்த இரண்டு முனையும் சேர்ந்து 1.2 மீட்டரைச் சாப்பிட்டுவிட்டு 11 மிமீதான் உயர்த்தும். 100 மிமீ உயரம் வேண்டுமென்றால் 4 மீட்டர் போதும் என்று நினைத்த இடத்தில் 4.75 மீட்டர் ஆகிவிடும்.

ஆனால் இந்தத் திட்டத்தில் ரயில் எதன் மேலும் ஏறிக் கடக்கவில்லை. அப்படியிருக்க 100 எதற்கு? 70 மிமீ உயர்ந்தாலே கண்ணுக்கு மலை ஏறுவது தெரியும். அதற்கு 3.55 மீட்டர். நிலையமும் ஏற்றமும் 6.15 மீட்டரில் முடிந்துவிட, குகைக்குப் பின்னால் 2.85 மீட்டர் மிஞ்சும். இரண்டு ரயிலை ஒளித்து வைக்கத் தாராளம். உயரத்தை அடுக்கிக்கொண்டே போகும் ஆசையை இங்கே அடக்கியே ஆக வேண்டும்.

எல்எச்பி என்ற புதுவகை நீளப் பெட்டி ஓட்டுபவர்கள் குகை வாயை வெட்டுமுன் இதைக் கவனிக்க வேண்டும். 23.54 மீட்டர் பெட்டி மாதிரியில் 270 மிமீ. போகி மையங்களுக்கு இடையே 171 மிமீ. 610 மிமீ வளைவில் பெட்டியின் வயிறு 6 மிமீ உள்பக்கம் தள்ளும், முனை 9 மிமீ வெளிப்பக்கம் தள்ளும். 457 மிமீ வளைவென்றால் 8-ம் 12-ம். பெட்டி அகலம் 37 மிமீ. வளைவில் 50 மிமீ இடைவெளியில் இரண்டு தடம் போட்டால் வெளித்தடப் பெட்டியின் வயிறும் உள்தடப் பெட்டியின் முனையும் உரசியே தீரும்: 37, 6, 9 கூட்டினால் 52. வளைவில் இரட்டைத் தடம் வந்தால் 60 மிமீக்குக் குறையக் கூடாது. மலைப்பாதை ஒற்றைத் தடம் என்பதால் லூப்பை நேர்தடத்திலேயே பிரித்து நேர்தடத்திலேயே சேர்த்துவிடுங்கள், தொல்லை விட்டது.

மரம்

புனலூர்ப் பக்கத்து மரக்கடைகளில் ரப்பர் மரச் சட்டம் மலிவாகக் கிடைக்கும். மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்குங்கள். பதப்படுத்தாத ரப்பர் மரம் மாதிரி வண்டுக்குப் பிடித்தது வேறில்லை. தட்டுக்குக் கீழே மாவு கொட்டத் தொடங்கினால் உளுத்துவிட்டது என்று அர்த்தம். அதைவிட, 12 மிமீ பிளைவுட்டையே 75 மிமீ அகலப் பட்டைகளாக அறுத்துச் சட்டமாக அடிப்பது நல்லது. நேராகவும் இருக்கும், முறுக்கிக்கொள்ளவும் செய்யாது. பிளைவுட்டில் ஐஎஸ் 710 முத்திரை பாருங்கள், அது மரைன் தரம். ஐஎஸ் 303-ல் வரும் பிடபிள்யூஆர் இரண்டாம் தேர்வு. மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை சாரல் காலத்தில் ஈரத்தை உறிஞ்சி ஊதிவிடும். தடத்துக்கு அடியில் அது வேண்டவே வேண்டாம்.

எந்தப் பலகையானாலும் அறுத்த விளிம்பு வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும். ஆசாரி அறுத்துக் கொடுத்ததும், ஆணி அடிக்குமுன், விளிம்புகளுக்கு மட்டும் இரண்டு கோட் வார்னிஷ், பிறகு ஆறு பக்கத்துக்கும் ஒரு கோட். திருகு ஆணிக்குப் போட்ட துளைக்குள்ளும் ஒரு சொட்டு. குறுக்குச் சட்டம் 40 செமீக்கு ஒன்று. கால்களைச் சுவரோடு ஒட்ட வைக்காமல் இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். மலையடிவாரத்து வீடுகளில் சாரல் பக்கத்துச் சுவர் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வியர்த்துக்கொண்டே இருக்கும்; கரையான் ஏறினாலும் இடைவெளி இருந்தால் கண்ணில் படும்.

மலை உடலுக்கு எக்ஸ்பிஎஸ் பலகை, குளிர்பதன அறைக்குப் பயன்படுத்துவார்களே அதுதான், தெர்மகோலைவிட நல்லது. வெட்டினால் மணி மணியாக உதிராது. இரண்டுக்கும் ரப்பர் பசை ஆகாது, கரைத்துக் குழியாக்கிவிடும். வெள்ளைப் பசையான ஃபெவிகால் போதும்.

தண்டவாளம் பதிப்பது எந்த மாதம்?

இந்த ஊருக்கு இது முக்கியமான கேள்வி. நிக்கல் சில்வர் தண்டவாளம் 20 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு மீட்டருக்கு 0.3 மிமீ நீளும். அது தனியாகப் பெரிய விஷயம் இல்லை. மரம் எதிர்த்திசையில் போவதுதான் சிக்கல். சாரலிலும் ஐப்பசி மழையிலும் மரம் ஊதும், மாசி பங்குனியில் சுருங்கும். மழைக்காலத்தில் இடைவெளி விடாமல் பதித்த தண்டவாளம் பங்குனி வெயிலில் நீள்கிறது. அதே நேரம் அடிமரம் சுருங்குகிறது. தடம் பாம்பாக நெளிவதற்கு இந்த இரண்டும் சேர்வதுதான் காரணம், மட்டமான தண்டவாளம் அல்ல.

சாரல் நேரத்தில் பதித்தால் இணைப்புக்கு 1 மிமீ இடைவெளி விடுங்கள். ஏப்ரல் வெயிலில் பதித்தால் தண்டவாளம் ஏற்கெனவே நீண்டும் மரம் சுருங்கியும் இருக்கும்; விசிட்டிங் கார்டு ஒன்று நுழையும் இடைவெளி போதும். 914 மிமீ நெகிழ் தண்டவாளம் இரண்டை ஈயம் வைத்து (சால்டர் செய்து) ஒரே நீளமாக்கி, அப்படிப்பட்ட துண்டுகளுக்கு நடுவே மட்டும் இடைவெளி விடுவது வழக்கம். வளைவில் இணைப்பு வந்தால் நேராக இருக்கும்போதே ஈயம் வைத்துவிட்டுப் பிறகு வளைக்க வேண்டும். வளைத்த பிறகு வைத்தால் இணைப்பில் மூலை விழும், அங்கேதான் ரயில் தடம் புரளும். ஆணியை ஸ்லீப்பரின் நடுவில் இறுக்கி அறைந்தால் ஸ்லீப்பர் குழிந்து இடைவெளி குறுகிவிடும். கார்க் தாளின் மேல் மெல்லிய பசை, அது காயும்வரை மேலே கனமான புத்தகங்கள். அவ்வளவுதான்.

தடம் பதித்த பின் சின்ன மட்டக்கோலைக் குறுக்காக வைத்து, முக்கியமாக ஏற்றம் தொடங்கும் இடத்தில், இரு தண்டவாளமும் ஒரே மட்டமா என்று பாருங்கள். அங்கே ஒரு முறுக்கு இருந்தால் நீளப் பெட்டிதான் முதலில் இறங்கும். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் இறங்கினால் தடத்தைத் திட்டாதீர்கள். வெர்னியரால் அதன் சக்கரங்களின் உள் இடைவெளியை அளங்கள். எச்ஓவுக்கு 14.4 மிமீ வர வேண்டும்.

கரண்ட்

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மிமீ நெகிழ் செம்புக் கம்பி, சிவப்பும் கறுப்பும், தட்டுக்கு அடியில் முழு நீளத்துக்கும் முறுக்கி ஓடட்டும். அதிலிருந்து தண்டவாளத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் 0.5 சதுர மிமீ கிளைக் கம்பி, 30 செமீக்குள். இணைப்புத் தகடு கரண்டைக் கடத்தும் என்று நம்பி விடாதீர்கள். நம் ஈரத்தில் அது முதல் வருஷத்திலேயே ஏமாற்றும். ஈயம் வைக்கும்போது ரோசின் ஃப்ளக்ஸ் மட்டும். அமிலப் பசை போட்டால் நாளடைவில் பச்சைக் களிம்பு பூத்துக் கம்பி அறும்.

டிசிசி கட்டுப்பாட்டுக்கு (ஒவ்வொரு என்ஜினையும் அதன் எண்ணால் தனித்தனியாக ஓட்டும் டிஜிட்டல் முறை) ஆயத்தக் கருவியாகவே வாங்கலாம். செலவைக் குறைக்க, நாமே கட்டிக்கொள்ளும் டிசிசி-இஎக்ஸ் நல்ல வழி: ஒரு ஆர்டுயினோ மெகா (சின்னக் கணினிப் பலகை), அதன் மேல் செருகும் ஒரு மோட்டார் ஷீல்டு, ஒரு வைஃபை பலகை, 15 வோல்ட் மின்வழங்கி. கைபேசியில் எஞ்சின் டிரைவர் செயலி. மோட்டார் ஷீல்டின் அடியில் விஐஎன் என்ற இணைப்புக் கோடு இருக்கும், அதைப் பிளேடால் அறுத்துவிட வேண்டும். அறுக்காவிட்டால் தண்டவாளத்துக்கான 15 வோல்ட் ஆர்டுயினோவுக்குள் ஏறிப் பலகை எரியும். ஷீல்டு ஒரு பக்கத்துக்கு 2 ஆம்பியர்தான் தாங்கும். இரண்டு என்ஜின் ஏறும் ஒற்றைத் தடத்துக்கு அது போதும்.

எல்லாம் இணைத்த பிறகு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, மீட்டருக்கு ஓர் இடத்தில் இரு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். உடனே கரண்ட் நின்றால் சரி. நிற்காமல் நாணயம் சுட்டால் அந்த இடத்துக்குக் கிளைக் கம்பி போதவில்லை. என்ஜின் தடம் புரளும்போதும் அதேதான் நடக்கும், ஆனால் அப்போது சுடுவது சக்கரமும் டிகோடரும் (என்ஜினுக்குள் இருக்கும் டிசிசி பலகை).

பாயிண்ட் திருப்ப எஸ்ஜி90 செர்வோ (சின்ன மோட்டார்) மலிவு. அவற்றை இயக்கப் பதினாறு செர்வோவுக்கு ஒரு பிசிஏ9685 பலகை. கரண்ட் வந்ததும் செர்வோ துடித்துப் பாயிண்ட் நாக்கை அடிப்பதாக இருந்தால் அதன் 5 வோல்ட் வரியில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் போடுங்கள். ஐப்பசி இடி மின்னல் நேரத்தில் மின்வழங்கியின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது உத்தமம்.

பேங்கரும் இறக்கமும்

ஆறு பெட்டிக்கு மேல் வேண்டுமென்றால், இல்லை அசல் பாதை மாதிரியே வேண்டுமென்றால், பின்னால் இன்னோர் என்ஜின். இரண்டும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். தனித்தனியாக ஒரே எண்ணில் ஓடவிட்டு, ஒன்றை ஒன்று துரத்துகிறதா என்று பாருங்கள். வேகத்தை மாற்ற டிகோடருக்குள் சிவி என்ற எண்ணிட்ட அமைப்புகள் உண்டு: சிவி 2 தொடக்க வேகம், சிவி 6 நடு வேகம், சிவி 5 உச்ச வேகம். வேகமான என்ஜினைத்தான் குறைக்க வேண்டும், மெதுவானதைக் கூட்ட முடியாது. பின்னர் இரண்டும் ஒரே கட்டளைக்குச் சேர்ந்து ஓட, இரண்டுக்கும் சிவி 19-ல் ஒரே கூட்டு எண். பேங்கர் திரும்பி நின்றால் அதோடு 128 சேர்க்க வேண்டும்.

பேங்கர் முன் என்ஜினைவிட ஒரு நூல் மெதுவாக இருக்கட்டும். வேகமாக இருந்தால் வளைவில் நடுப்பெட்டிகளை வெளிப்பக்கம் பிதுக்கித் தள்ளிவிடும். நேர்மாறாக, பெட்டிகள் எடை குறைந்து, முன் என்ஜின் மட்டும் வலித்தால் நடுப்பெட்டி வளைவின் உள்பக்கம் சாயும். எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாலே எந்த என்ஜினில் குற்றம் என்று சொல்லிவிடலாம். கடைசிப் பெட்டி காலி வேனாக இருந்தால் அதற்கும் பரிந்துரை எடையை ஏற்றுங்கள், எல்லாக் குத்தும் முதலில் அதற்குத்தான்.

ஏறும்போது ஒழுங்காக ஏறிய என்ஜின் இறங்கும்போது விக்கி விக்கி வரும். டிகோடரைச் சந்தேகப்படுவார்கள். பெரும்பாலும் காரணம் இயந்திரத்துக்குள்: சக்கரத்தைச் சுற்றும் வார்ம் பல் தண்டு (திருகு போன்ற பல் கொண்டது) முன்னும் பின்னும் ஆடுகிறது. ஏறும்போது சுமை அதை ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்கும். இறங்கும்போது பெட்டிகள் தள்ள, தண்டு மறுபக்கம் பாய்ந்து மீண்டும் திரும்பும். மூடியைக் கழற்றி, தண்டின் முனையில் மெல்லிய வாஷர் ஒன்றோ இரண்டோ போட்டு ஆட்டத்தை 0.2 மிமீ அளவுக்குக் குறைத்தால் விக்கல் நிற்கும். முழுக்க இறுக்கிவிட்டால் தண்டு சூடாகும்.

பாலம், ஜல்லி, பச்சை

இப்போது பாலத்துக்கு வரலாம். அசல் நூறு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 1:87-ல் ஒரு மீட்டருக்கும் மேல், நம் ஏற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு. கண்களின் அகலத்தைக் குறைத்துப் பதிமூன்றையும் அடைத்தால் பொம்மையாகிவிடும். கண்ணின் அளவை அப்படியே வைத்து எண்ணிக்கையைக் குறைத்து ஏழாக்குங்கள். யாரும் எண்ணமாட்டார்கள், பார்த்ததும் கழுதுருட்டி என்பார்கள். 5 மிமீ சன்போர்டில் (இலேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) இரு முகமும் வெட்டி, வளைவின் உள்பக்கத்துக்கு மெல்லிய அட்டை. தண்டவாளத்தைப் பாலத்தின் மேல் நேராக ஒட்டாதீர்கள். 12 மிமீ பிளைவுட் பட்டை ஒன்று ஏற்றத்தில் தடையில்லாமல் ஓடட்டும். பாலம் அதன் இரு பக்கத்திலும் மாட்டிய முகம் மட்டுமே. ஈரத்தில் அட்டை ஊதினாலும் தடம் அசையாது. எதிரே கொல்லம் - திருமங்கலம் சாலையை ஒரு பட்டையாகப் போட்டால் இடம் சொல்லாமலே புரியும்.

ஜல்லிக்குக் கிரஷர் தூள். அசல் ஜல்லி 65 மிமீ வரை, மாதிரிக்கு 0.75 மிமீ. மாவுச் சல்லடையில் நைசானதைக் கழித்து, தேநீர் வடிகட்டியில் பெரியதைக் கழித்து, நடுவில் நின்றதை அலசிக் காயவைத்து, பாலிதீன் பைக்குள் காந்தத்தைப் போட்டு இரண்டு முறை துழாவுங்கள். கருங்கல் தூளில் ஒட்டி வரும் இரும்பு மோட்டார் காந்தத்துக்குள் போனால் என்ஜின் போச்சு. தடத்தில் பரப்பி, கொஞ்சம் பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த தண்ணீரைப் பனி மாதிரித் தெளித்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் கலந்து சிரிஞ்சால் சொட்டுங்கள். பாயிண்ட் நாக்குக்கு அடியில் ஜல்லியும் வேண்டாம் பசையும் வேண்டாம். முழுக்கக் காயும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது. ஈரப் பசை மின்சாரத்தைக் கடத்தும்.

பசுமைக்குத் தென்னை நாரும் மரத்தூளும் இங்கே இலவசம்தான், ஆனால் ஆடி மாதத்தில் அவற்றின் மேல் வெள்ளைப் பூசணம் பூக்கும். போரிக் அமிலம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்தால் குறையும். பாத்திரம் தேய்க்கும் நைலான் பஞ்சை மிக்சியில் அரைத்து அக்ரிலிக் வர்ணம் ஏற்றினால் அந்தக் கவலையே இல்லை. ஒரே பச்சையாக அடித்துவிடாதீர்கள்: கீழே ரப்பர் தோட்டத்தின் ஒழுங்கு வரிசை, மேலே போகப் போக அடர்காடு, வெட்டிய சரிவில் செம்மண்.

துடைப்பது

ஈரக் காலத்தில் இரண்டு நாள் ஓட்டாமல் விட்டாலே தண்டவாளத்தில் கருமை படியும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் அழுக்கு இன்னும் வேகமாக அடையும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, காய்ந்ததும் பெயிண்ட் கடையில் கிடைக்கும் மினரல் டர்பன்டைனைத் துணியில் தொட்டு ஒரு முறை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கரண்ட் நிறுத்தியிருக்கட்டும். சக்கரத்தையும் துடைக்காவிட்டால் அழுக்கு ஒரே சுற்றில் தடத்துக்குத் திரும்பிவிடும்.

பல்லி எச்சம் இதைவிடப் பெரிய எதிரி. சுவரோரத் தட்டு, மேலே டியூப் லைட். பல்லிக்கு வேறென்ன வேண்டும்? காய்ந்த எச்சத்தில் சக்கரம் ஏறினால் தடம் புரளும், உலராததில் ஏறினால் கரண்ட் போகாது. ஓட்டாத நேரத்தில் மெல்லிய பருத்தித் துணி போர்த்துங்கள், பிளாஸ்டிக் விரிப்பு அடியில் வியர்க்கும். குகைக்குள் எறும்பு கூடு கட்டும். குகையின் மேல்மலையை ஆணி அடிக்காமல் தூக்கி எடுக்கும்படி செய்துகொண்டால் எறும்புக்கும் ஆகும், உள்ளே கவிழ்ந்த பெட்டியை மீட்கவும் ஆகும்.

ஓட்டம்

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் தென்மலை, ஒருவர் பகவதிபுரம். ஒற்றைத் தடத்தில் நம் ரயில்வே நெடுங்காலம் வைத்திருந்தது நீல்ஸ் பால் டோக்கன்: அந்தப் பந்து கையில் இருக்கும் டிரைவர்தான் அடுத்த நிலையம்வரை போகலாம். வீட்டில் ஒரு பெரிய பேரிங் குண்டு போதும். குண்டு யார் கையில் இருக்கிறதோ அவர் ரயில் மட்டும் கிளம்பும்; குகைக்குள் நேருக்கு நேர் மோதல் கிடையாது. தென்மலைக்காரர் பேங்கரை ஒட்டி, இரண்டுக்கும் கூட்டு எண் கொடுத்து, குண்டை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். குகை தாண்டியதும் பகவதிபுரத்துக்காரர் கூட்டு எண்ணைக் கலைத்து, பேங்கரைக் கழற்றி, அதே குண்டோடு தனியாகக் கீழே இறக்கி அனுப்புவார். சிவி 19-ஐ மறுபடி 0 ஆக்க மறந்தால், தனியாக இறங்க வேண்டிய பேங்கர் சொன்ன பேச்சே கேட்காமல் நிற்கும்; டிகோடர் கெட்டுவிட்டதென்று கழற்றுமுன் அந்த எண்ணைப் பாருங்கள்.